ஆம் எனில் ஒன்று

மறுபடியும் போன் அதிர்ந்தது. மடியில் கிடந்த பையும் அதோடு சேர்ந்து தொடையும் அதிர, தங்கபுஷ்பம் பைக்குள் கையை விட்டாள். எடுத்தால்தான் இது யாருக்கு வந்த அழைப்பு என்று தெரியும். பேரை மட்டும் கேட்டுக்கொண்டு நைசாக வைத்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது, வைத்தால் ‘பதில் இல்லை’ என்று ஏறிவிடும், எடுக்காமலே விட்டாலும் அதே ‘பதில் இல்லை’தான். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ, நல்லா இருக்கட்டும். பஸ் கோவில்பட்டியை விட்டே இன்னும் வெளியே வரவில்லை, ஒரு டிராக்டருக்குப் பின்னால் நின்று உறுமிக்கொண்டிருந்தது, சீட்டின் ரெக்சின் சூடு சேலையைத் தாண்டிச் சுட்டது. காதில் வைத்தாள். “வணக்கம்” என்றது அந்தக் குரல். வணக்கத்துக்கும் பேருக்கும் நடுவே அது ஒரு இடைவெளி விடும், பெட்டிக்குள் கைவிட்டுப் பேரைத் தேடி எடுக்கிற மாதிரி, அந்த இடைவெளியில்தான் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும். “பேச்சித்தாய்” என்றது. அப்பாடா. “பயிற்சி முடித்த நீங்கள் தற்போது பணியில் உள்ளீர்களா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும்.” பேச்சித்தாய் நூல் மில்லில் இருக்கிறாள், காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, தீபாவளிக்கு மில்லில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸைப் பயிற்சி மையத்துக்கே கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டினவள். இப்படி ஒருத்தி இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழுத்தலாம். அழுத்தினாள். “நன்றி, பேச்சித்தாய்” என்று தங்கபுஷ்பத்துக்கு நன்றி சொல்லிவிட்டுக் குரல் போய்விட்டது. மாடத்தி பேர் இல்லை. அவளுக்கான அழைப்பு இன்னும் வரவில்லை. வராமலா போகும், அஞ்சு மணிக்குள் வந்தே தீரும், அதற்குள் மாடத்தி இருக்கிற இடத்துக்கு இந்தப் பஸ் போய்ச் சேரணும்.

ஊரில் உள்ளவளுக்கெல்லாம் வருகிற போன் இவளுக்கு ஏன் வருகிறது என்று கேட்டால் யாரைக் குறை சொல்ல. அரசாங்க உதவித்தொகை வாங்குகிற பெண்களையும் சும்மா வீட்டில் இருக்கிற மற்றப் பெண்களையும் கூப்பிட்டுத் தொழில் சொல்லிக்கொடுத்து வேலையில் ஏற்றிவிடுகிற மையம் அது. பேர் பதிகிற அன்றைக்கு ஓடிபி வரணும், ஓடிபி வர போன் வேணும். போனே இல்லாதவள் இருந்தாள், போன் இருந்தும் ரீசார்ஜ் போடாதவள் இருந்தாள், போன் எங்க வீட்டுக்காரர் சட்டைப்பையில இருக்கு, அவரு லாரியில ஒரிசா போயிருக்காரு என்றவளும் இருந்தாள். வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது. “மேடம், ஒங்க நம்பரப் போட்ருங்களேன்” என்று யாரோ ஒருத்தி சொன்னாள், அவள் பின்னால் நின்றவளும் சொன்னாள். போட்டுவிட்டாள். அந்த நிமிஷத்துக்கு அது உதவி. எல்லா மையத்திலும் யாராவது ஒருத்தி இப்படித் தன் நம்பரைக் கொடுத்துத்தான் வேலை ஓடுகிறது, மேலே உள்ளவர்களுக்கும் தெரியும், தெரிந்தாலும் கேட்க மாட்டார்கள். மாடத்தி அன்றைக்குக் கடைசியாக வந்து நின்றாள், மூச்சு வாங்கியது, கையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்து டப்பி. “எனக்கும் ஒங்க நம்பரே போடுங்க மேடம், நீங்க எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன” என்றாள். என்ன வாயோ அது.

அப்புறம்தான் இந்த மானியம் வந்தது. தரவு மேம்பாட்டு மானியம். பயிற்சி கொடுப்பது பெரிசில்லை, கொடுத்த பிறகு என்ன ஆனது என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்கை வைத்து மையத்தை நடத்தணும், அப்படி நடத்துகிறவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும். நல்லதுதானே, இதில் என்ன தப்பு, அவளுக்கே நல்லதாகத்தான் பட்டது. மதுரையில் ஏசி ஓட்டலில் வகுப்பு. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள், ‘தங்கபுஷ்பம், தரவு உதவியாளர்’ என்று, அதைக் கழற்றாமலே பஸ்ஸில் ஊர் வந்தாள், வீட்டுக்காரன் கதிரேசன் பார்த்துவிட்டு “என்னட்டி, கலெக்டரம்மா மாதிரி” என்று கிண்டலடித்தான், கிண்டலில் ஒரு பெருமையும் இருந்தது, அது அவளுக்குத் தெரியும். மேடையில் நின்றவர் வெள்ளைத் திரையைக் காட்டி, தரவு பேசும், நாம்தான் கேட்கப் பழக வேண்டும் என்றார். கை தட்டினார்கள், இவளும் தட்டினாள். பேசும் என்று சொன்னாரே ஒழிய என் போனிலேயே வந்து பேசும் என்று சொன்னாரா அந்த மனுஷன். இன்னொன்றும் சொன்னார். இனிமேல் பயிற்சிக் கணக்கும் உதவித்தொகைக் கணக்கும் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கும், இங்கே ஒருத்தி பணியில் இருப்பதாக ஏறினால் அங்கே அவள் உதவித்தொகை நின்றுவிடும், யாரும் போய் விசாரிக்க வேண்டாம், தானாகவே. அந்தத் ‘தானாகவே’யைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவள் அப்போது பொரித்த காலிஃபிளவர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கணும். கை தூக்கிக் கேட்டிருக்கணும், ஐயா, தானாகவே நின்றது தானாகவே வருமா என்று. இங்கிலீஷில் கேட்டால்தான் மரியாதை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள்.

பஸ் நகர்ந்தது. காற்று வந்தது, காற்றோடு பக்கத்து சீட்டுக்காரி கூடையிலிருந்து கருவாட்டு வாடையும் வந்தது, வரட்டும், அது பாட்டுக்கு வரட்டும். போன மாசம் இந்த அழைப்பின் முதல் சுற்று. ஆவுடையப்பன் சார் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார், அவர்தான் மையத்துக்குப் பொறுப்பு, குரல் உயர்த்தாத மனுஷன், அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வராது. “எல்லாம் ஒண்ணுதான் புஷ்பம். ஒண்ணுன்னா நமக்கு மார்க்கு.” அவ்வளவுதான் சொன்னார். குக்கர் விசிலுக்கு நடுவே, தண்ணீர்க் குழாய் வரிசையில், ஒரு தடவை கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அழுத்தினாள். வெயிலாச்சிக்கும் ஒன்று, அவள் பயிற்சி முடிந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள், அவள் உதவித்தொகை வாங்குகிறவளும் இல்லை, அதனால் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. மாடத்திக்கும் ஒன்று. மாடத்திக்கு அழுத்தியது எங்கே வைத்து? யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. மீன் அலசிக்கொண்டிருந்தாளா? கதிரேசனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாளா? ஒரு பொம்பளையின் வயிற்றில் அடித்திருக்கிறோம், எங்கே நின்று அடித்தோம் என்றுகூடத் தெரியவில்லையே. அதுதான் இவளை அரிக்கிறது, மற்றதுகூட அப்புறம்தான்.

அந்தச் சுற்று முடிந்து கொஞ்ச நாளில் மாடத்தி வந்தாள். மையத்துப் படியேறி வந்து, மூச்சு அடங்குகிற வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, “மேடம், பேங்க்ல பணம் ஏறலயாம், மெஷின்ல ரேகை வச்சுப் பாத்துட்டு இல்லன்னுட்டாக, நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க” என்றாள். பார்த்தாள். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தாள். ‘பயனாளி பணியில் உள்ளார்.’ பயனாளி எதிரே நின்று டப்பியைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள், உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சத்தத்தில் பார்க்கிற ஆட்டல். தங்கபுஷ்பத்துக்கு வாய் வரை வந்தது, நான்தான் அக்கா. “சர்வர் பிரச்சினை. அடுத்த மாசம் வந்துரும்” என்றாள். “ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் மேடம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள் அந்தப் புண்ணியவதி. கும்பிடாமலாவது போயிருக்கலாம்.

இரண்டை அழுத்தினால் சரியாகிவிடும். அதுதான் கொடுமை, அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை, விரலை ஒரு கட்டம் தள்ளி வைக்கணும், அவ்வளவுதான், இரண்டு என்று ஏறினால் நின்ற பணம் மறுபடி வரும், சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், ஒரு ஆளுக்கு இரண்டு என்று ஏறினாலும் மானியத்தின் அடுத்த தவணை வராது, வராவிட்டால் தரவு உதவியாளர் என்ற நாற்காலியே கிடையாது. “ஒன்ன நிறுத்தணும்னு எனக்கு ஆசையா, நான் வேற யார நிறுத்த” என்று வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார், வருத்தமும் படுவார், படட்டும், அதற்கப்புறம் கடையில் அரிசி யார் வாங்குவது. கதிரேசனின் லோடு ஆட்டோ இஞ்சினைப் பிரித்துப் போட்டு ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. இவள் சம்பளத்தில்தான் வீடு மூச்சு விடுகிறது. அங்கே ஒரு மூச்சு, இங்கே ஒரு மூச்சு, நடுவே இரண்டு பொத்தான். சே, என்ன பொழப்பு. இந்தச் சுற்றில் ஆளுக்கு மூன்று தடவை கூப்பிடும், மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ‘கண்டறிய இயலாதவர்’ என்று போட்டு இரண்டு கணக்கிலிருந்தும் பேரை எடுத்துவிடும், பேரே இல்லாததால் மையத்துக்கு மார்க்கும் குறையாது. அப்புறம் மாடத்தி கிராம அலுவலரிடமிருந்து தொடங்கிச் சான்று, கையெழுத்து, மனு என்று முதலிலிருந்து நடக்கணும், நாலு படி ஏறவே அவளால் முடியாது. முதல் அழைப்பு நேற்று வந்தது. தலை பின்னிக்கொண்டிருந்தாள், பேரைக் கேட்டதும் சீப்பு நின்றது, ஒன்றா இரண்டா என்று விரல் நடுவிலேயே நிற்க, “பதில் பெறப்படவில்லை” என்று போய்விட்டது. இரண்டாவது காலையில், மையத்தில், பக்கத்து மேசையில் சார். “யாரு?” என்று பார்வையாலேயே கேட்டார். “ராங் நம்பர் சார்” என்றாள். ஒரு விதத்தில் அது உண்மைதான். பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, சுற்று இன்றைக்கு அஞ்சு மணியோடு முடிகிறது. பல் வலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். மாடத்தி கையில் போனைக் கொடுத்துவிடுவது, அவளுக்கு வந்த போன், அவள் பதில், அவளே அழுத்தட்டும், சார் கேட்டால் நான் அழுத்தவில்லை என்று துணிந்து சொல்லலாம். அந்த யோசனை காலையில் வந்தபோது என்ன நிம்மதி. இப்போது பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்று தோன்றுகிறது, தோன்றினால் தோன்றட்டும், எல்லாவற்றையும் நானே சுமக்க நான் என்ன சுமைதாங்கிக் கல்லா.

இதில் இன்னொரு கூத்து. கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரம் துலக்குகிறாள் மாடத்தி, முகூர்த்தம் இருக்கிற அன்றைக்கு மட்டும், அதுவும் மூச்சு இடம் கொடுத்தால். இன்றைக்கு ஆனியின் கடைசி முகூர்த்தம், ஆகவே இன்றைக்கு அவள் வேலையில் இருக்கிறாள். நாளைக்கு இல்லை. ஆடி பிறந்துவிட்டால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள், ஒரு மாசம் முழுக்க ஈ காக்காய் வராது. தற்போது பணியில் உள்ளீர்களா என்றால், தற்போது என்பது எது தாயே? இந்த நிமிஷமா, இந்த வாரமா, ஆனியா ஆடியா? எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கேட்கிறாய்? மதுரையில் அந்த மனுஷனுக்கு ஆடி மாசம் என்று ஒன்று இருப்பது தெரியாதா, அவருக்கும் ஆவணியில்தானே கல்யாணம் ஆகியிருக்கும். முகூர்த்த நாளில் உண்டு, மற்ற நாளில் இல்லை என்பதற்கு மூன்று என்று ஒரு பொத்தான் வைத்தால் குடியா முழுகிவிடும்? கண்டக்டர் “நல்லமங்கலம் விலக்கு” என்று கத்தினார், இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள், கருவாட்டுக்காரிதான் தோளைத் தொட்டு, “எறங்கலயாம்மா?” என்றாள். எப்படித் தெரியும் இவளுக்கு என்று திகைத்து, டிக்கெட் எடுத்தபோது கேட்டிருப்பாள் என்று தேறி, விழுந்தடித்து இறங்கினாள்.

மண்டபத்து வாசலில் வாழைமரம் வாடித் தொங்கியது, கடைசிப் பந்தி முடிந்து நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் சுற்றிப் போனாள். சாம்பார் அண்டாவுக்குள் இடுப்பு வரை குனிந்திருந்த உருவம் நிமிர்ந்தது, மாடத்தி. “யம்மா, புஷ்பம் மேடமா! இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய, சாப்ட்டியளா? பாயசம் இருக்கு, நில்லுங்க.” நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மூச்சோடு அவள் பாயசத்துக்குப் போகப் பார்த்தாள். “அதெல்லாம் வேண்டாம்க்கா. இங்க வாங்க. ஒங்களுக்கு ஒரு போன் வரும். கவர்மெண்ட்லருந்து. வேலையில இருக்கியளான்னு கேக்கும்.” “எனக்கா? எம்பேரச் சொல்லியா?” “ஆமா. ரெண்ட அழுத்தினா…” சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லணும், அதைச் சொன்னால் தானே அழுத்தின மாதிரிதான், அப்புறம் அந்த நாற்காலி, அந்த அட்டை, கதிரேசன், பிரித்துப் போட்ட இஞ்சின். “ரெண்ட அழுத்தினா இல்லன்னு அர்த்தம், ஒண்ணுன்னா ஆமான்னு. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ…” என்று இழுத்தாள். எது சரியென்று படும் அவளுக்கு, எதனால் எது நிற்கும் என்று சொன்னால்தானே? சொல்லு, மூதேவி, சொல்லித் தொலை என்று உள்ளே ஒன்று கத்தியது. “அக்கா, அந்தப் பணம் இருக்குல்லா, அது வந்து…” என்று ஆரம்பிக்கவும் போன் அதிர்ந்தது, எடுத்துக் காதில் வைத்தாள். “வணக்கம்” என்றது, இடைவெளி விட்டது, “மாடத்தி” என்றது.

மாடத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள், ரெண்டு கையாலும் பிடித்து, பிள்ளையை வாங்குகிற மாதிரி. “வணக்கம் தாயி” என்றாள். குரல் கேள்வி கேட்டது, பக்கத்தில் நின்றவளுக்கும் அது காதில் விழுந்தது. “வேலையா? இருக்கு தாயி, இல்லன்னு பொய் சொல்லக் கூடாது, மண்டபத்துல இருக்கேன், ஆனா முகூர்த்தத்துக்கு மட்டுந்தான் கூப்புடுவாக, நாளையிலருந்து ஆடி பாத்துக்கோ.” ஆம் எனில் ஒன்றை அழுத்தவும் என்றது அது. “சரி தாயி, அழுத்துதேன், அதுக்கு முன்ன நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேட்டுக்கோ. எனக்கு மூச்செளப்பு. பணம் நின்னுபோச்சு. மருந்து டப்பி தீந்து போயி இன்னைக்கு எத்தன நாளாச்சு, ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்குதேன், இந்த மேடம் தங்கமானவுக, அவுக என்ன செய்வாக, சர்வர் பிரச்சனையாம்.” இல்லை எனில் இரண்டை அழுத்தவும். “அக்கா, ரெண்டு, ரெண்ட அழுத்துங்க” என்று தங்கபுஷ்பம் கையை நீட்டினாள், மாடத்தி ஈரக் கையைத் தூக்கி, இரு, பேசிக்கிட்டிருக்கேன்ல என்று அடக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடுங்கியிருக்கலாம். எட்டிப் பிடுங்குகிற தூரம்தான், மாடத்திக்கு என்ன பலமா இருக்கிறது. நீட்டின கை அந்தரத்திலேயே நின்றது. மரியாதைக்கு நின்றது என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு பொம்பளை மனசுவிட்டுப் பேசும்போது எப்படிப் பறிப்பது என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், ஒன்றும் இல்லாமல் இரண்டும் இல்லாமல் இது தானாகவே முடிந்துவிடும் என்று ஒரு ஆசுவாசம் வந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைத்த மாதிரி. அப்படி வந்ததை அவளே பார்த்தாள், பார்த்து அருவருத்தாள், அப்பவும் கை நகரவில்லை. அழைப்பு அறுந்து, போனில் வெளிச்சம் அணைந்தது. மாடத்தி அது தெரியாமல் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அண்ணன் மகன் வீட்டில் படுக்கிறது, அவன் பெண்டாட்டி முகம் சுளிக்கிறது, எல்லாம். முடித்து, “நல்லா இரு தாயி” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“நல்ல பிள்ள மேடம். குறுக்க ஒரு வார்த்த பேசல. அம்புட்டையும் பொறுமையா கேட்டுக்கிட்டா” என்றாள். “இந்த மாசம் வந்துரும்லா?” திரையில் குறுஞ்செய்தி வந்து நின்றது, பதில் பெறப்படவில்லை, பயனாளி கண்டறிய இயலாதவர். தங்கபுஷ்பம் அதைப் படித்தாள், திரும்பவும் படித்தாள், இரண்டடி தூரத்தில் நிற்கிற மாடத்தியைப் பார்த்தாள். “வந்துரும்க்கா” என்றாள். மாடத்தி சிரித்துக்கொண்டே மறுபடி அண்டாவுக்குள் குனிந்தாள். கையிலேயே போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. வணக்கம், வெயிலாச்சி. நிற்பதற்குப் பணம் எதுவும் இல்லாத அந்த வெயிலாச்சி. தற்போது பணியில் என்று அது கேட்டு முடிப்பதற்குள் தங்கபுஷ்பம் இரண்டை அழுத்திவிட்டாள். நன்றி, வெயிலாச்சி என்றது. சாரும் ஞாபகம் வரவில்லை, நாற்காலியும் ஞாபகம் வரவில்லை, வலிக்கவே இல்லை, இவ்வளவுதானா என்று இருந்தது. அண்டாவுக்குள் தேங்காய் நார் உரசுகிற சத்தம் கேட்டது, நடுநடுவே நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டது.